பெட்டி புதுசு... அட்டை பழசு! - மொபைலில் ஓடும் கேம்பாய் கேம்கள் சரியா, தப்பா?

போன மாதம் ஒரு விசேஷத்துக்காக ஆரணியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஊர்ப் பக்கம் போகாதவர்களுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ. திருவண்ணாமலை மாவட்டம், கமண்டல நாக நதிக்கரை. ஒரு பக்கம் அரிசி மில், இன்னொரு பக்கம் பட்டுத்தறி. சில தெருக்களில் நடந்தால், அடுத்தடுத்த வீடுகளில் இருந்து தறிச்சத்தம் நம்மோடு கூடவே நடந்து வரும்.

மாமா பட்டு நெய்பவர். அவர் பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். மதியம் சாப்பாடு முடிந்து தறி மேடையில் சாய்ந்துகொண்டு மொபைலில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால், போகிமான் எமரால்டு! திரையின் மேல் பாதியில் கேம், கீழ்ப் பாதியில் பட்டன்கள். அசல் கேம்பாய் அட்வான்ஸ் மாதிரியே இருந்தது.

மாமாவும் எட்டிப் பார்த்தார். "இது ஏதுடா, கட்டம் கட்டமா இருக்கு?"

"பழைய கேம்ப்பா. இது வந்த மெஷினையே இப்ப யாரும் தயாரிக்கிறதில்ல."

"மெஷினே இல்லாம எப்படிடா ஓடுது?"

"எமுலேட்டர்ப்பா. அந்த மெஷின் மாதிரியே வேலை செய்ற ஆப்."

மாமா தலைக்கு மேலே தறியில் இருந்த ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தார். "அதாவது பெட்டி வேற, அட்டை அதே அட்டை. அவ்வளவுதானே?"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பத்து வருஷமாக எமுலேட்டர் பற்றிப் படிக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால், மாமா அதோடு விடவில்லை.

"சரி, இந்த அட்டையை எங்க வாங்கின?"

பையன் பதில் சொல்லவில்லை.

"எனக்கு அட்டை குத்திக் கொடுத்தவருக்கு நான் கூலி கொடுத்தேன். நீ யாருக்குக் கொடுத்த?" என்று அவனிடம் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீதான் பத்திரிகையில இருக்கியே, நீயே சொல்லு. இது திருட்டா, இல்லையா?"

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். சரியான பதிலை இப்போது உங்களிடம் சொல்கிறேன். ஏனென்றால், உங்களில் பாதிப் பேர் மொபைலிலும் ஒரு எமுலேட்டர் இருக்கும்!

முதலில், அட்டையும் பெட்டியும்

பட்டுச்சேலையின் பார்டரில் ஒரு மயில் வேண்டும் என்றால், நெசவாளர் நினைத்த நேரத்தில் நினைத்தபடி நெய்துவிட முடியாது. முதலில் அந்த மயிலைக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைவார்கள். ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். அதைப் பார்த்து அட்டைகளில் ஓட்டை குத்துவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் நூல் அப்படியே கிடக்கும். பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய முறை இது. ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. கம்ப்யூட்டர் பேசும் ஒன்று, பூஜ்யமும் இதே சங்கதிதான்.

கேம் கார்ட்ரிட்ஜும் அப்படிப்பட்ட ஓர் அட்டைக்கட்டுதான். உள்ளே இருப்பது கட்டளைகள் மட்டும். அதைப் படித்துத் திரையில் படமாகவும், ஸ்பீக்கரில் சத்தமாகவும் மாற்றும் பெட்டிதான் கன்சோல். அந்தப் பெட்டி செய்யும் வேலையை ஒரு சாஃப்ட்வேர் செய்தால் அதன் பெயர் எமுலேட்டர். கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பதை ஒரு ஃபைலாக நகலெடுத்தால் அதன் பெயர் ரோம்.

2001-ல் வந்த கேம்பாய் அட்வான்ஸின் பிராசஸர் வேகம் 16.78 மெகாஹெர்ட்ஸ். உங்கள் கையில் இருக்கும் சாதாரண ஆண்ட்ராய்டு போனின் வேகம் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். திரையின் அகலம் வெறும் 240 புள்ளி. நம் ஊர்ப் பட்டுத்தறிகளில் ஓடும் ஜக்கார்டுகளில் 240 கொக்கி வைத்ததும் உண்டு. இது தற்செயல்தான் என்றாலும், மாமாவிடம் சொன்னபோது சிரித்தார்.

அதனால் எமுலேட்டர் எழுதுவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். பழைய பெட்டி ஒவ்வொரு கட்டளைக்கும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதோ, அதே கணக்கில் புதுப்பெட்டியும் நடந்துகொள்ள வேண்டும். தாளம் தப்பினால் பாட்டு பிசகும், சில கேம்கள் பாதியில் நின்றுவிடும். எம்.ஜி.பி.ஏ, பி.பி.எஸ்.எஸ்.பி.பி போன்ற எமுலேட்டர்களை உருவாக்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தது இதைத்தான். அந்த உழைப்பை அப்படியே இலவசமாகவும் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

ஆண்ட்ராய்டில் எமுலேட்டர் ரொம்ப காலமாகவே இருக்கிறது. பிளே ஸ்டோரிலேயே கிடைக்கும். ஐபோன்காரர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. ஆப்பிள் வருடக்கணக்காகக் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. 2024 ஏப்ரல் 5-ல் விதியை மாற்றி, பழைய கன்சோல்களுக்கான எமுலேட்டர்களை ஆப் ஸ்டோரில் அனுமதித்தது. ஏப்ரல் 17-ல் 'டெல்டா' வந்தது. வந்த வேகத்தில் அமெரிக்காவில் இலவச ஆப்கள் பட்டியலில் முதலிடத்துக்குப் போய்விட்டது. அடுத்த மாதமே ரெட்ரோஆர்ச், பி.பி.எஸ்.எஸ்.பி.பி இரண்டும் வந்தன.

இதற்கு ஒரு மாதம் முன்னால்தான் இதே உலகத்தில் ஓர் இடி விழுந்திருந்தது. நின்டெண்டோ ஸ்விட்ச்சின் எமுலேட்டரான 'யூஸு'வை உருவாக்கியவர்கள் மீது நின்டெண்டோ 2024 பிப்ரவரி இறுதியில் வழக்கு போட்டது. ஒரே வாரத்தில் சமரசம். அவர்கள் ஒப்புக்கொண்ட தொகை 24 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 20 கோடி ரூபாய். யூஸுவோடு சேர்ந்து, அதே குழு நடத்திய 3டி.எஸ் எமுலேட்டர் 'சிட்ரா'வும் மூடப்பட்டது. அக்டோபரில் இன்னொரு ஸ்விட்ச் எமுலேட்டரான 'ரியூஜின்எக்ஸ்' கடையைக் கட்டியது.

ஒரு பக்கம் ஆப்பிள் கம்பளம் விரிக்கிறது, இன்னொரு பக்கம் நின்டெண்டோ கேஸ் போடுகிறது. இதில் எது சரி?

இரண்டுக்கும் நடுவில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. ஸ்விட்ச் அப்போது கடையில் விற்றுக்கொண்டிருந்த மெஷின். அதன் கேம்கள் பூட்டு போட்டு வருபவை. பூட்டைத் திறக்காமல் யூஸுவில் ஓட்ட முடியாது. 2023-ல் செல்டா வரிசையின் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' ரிலீஸ் ஆகும் முன்பே லீக் ஆகி, பத்து லட்சம் தடவைக்கு மேல் டவுன்லோடு ஆனது என்று நின்டெண்டோ தன் மனுவில் சொன்னது. இது, நாளைக்குக் கடைக்கு வரவேண்டிய சேலையின் டிசைனை இன்று இரவே தூக்கிக்கொண்டு போவது போல. 2001-ல் வந்து, கடையை விட்டே போய்விட்ட ஒரு பெட்டியின் கேமை மொபைலில் ஓட்டுவதையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சட்டம் என்ன சொல்லுது?

முதலில் பெட்டி. எமுலேட்டர் என்பது திருட்டுச் சரக்கு அல்ல. 1999-ல் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம், பிளேஸ்டேஷன் கேம்களை மேக் கம்ப்யூட்டரில் ஓட்டும் சாஃப்ட்வேரை விற்றது. சோனி வழக்கு போட்டது. அசல் மெஷினைப் பிரித்துப் படித்து, அதைப் போலவே இயங்கும் புது சாஃப்ட்வேரை உருவாக்குவது நியாயமான பயன்பாடுதான் என்று 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சோனி பிறகு அந்த சாஃப்ட்வேரையே விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது என்பது தனிக்கதை.

நம் நாட்டில் 1957-ம் வருட காப்புரிமைச் சட்டம். அதன் 52-வது பிரிவில் கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கென்றே சில விலக்குகள் இருக்கின்றன. ஒரு புரோகிராமை முறைப்படி வைத்திருப்பவர், அது அழிந்துபோகாமல் இருக்க ஒரு பேக்-அப் நகல் எடுத்து வைக்கலாம். ஒரு புரோகிராம் எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து பார்க்கலாம். முறைப்படி வாங்கிய தன் சொந்தப் பிரதியிலிருந்து, வியாபார நோக்கமில்லாமல் தன் சொந்த உபயோகத்துக்காக நகல் எடுக்கலாம். உங்கள் அண்ணனோ சித்தப்பாவோ வாங்கிய கார்ட்ரிட்ஜ் பீரோவில் கிடக்கிறதா? அதை நீங்களே நகலெடுத்து மொபைலில் ஓட்டுகிறீர்களா? அப்படியென்றால், நீங்கள் இந்த விலக்கின் குடைக்குள் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஆனால், எவரோ ஏற்றி வைத்த ரோம் ஃபைலை டவுன்லோடு செய்வது வேறு. அது உங்கள் பிரதியிலிருந்து எடுத்த நகல் இல்லை. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு புரோகிராமைப் பயன்படுத்தினால், 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. லாப நோக்கம் இல்லையென்றால், சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைத்தால், 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு வருகிறது. அதற்கு 2 ஆண்டு வரை சிறை.

ஆக, மாமாவின் கேள்விக்கு முதல் பாதி பதில் இதுதான். பெட்டி விஷயத்தில் குற்றமில்லை. அட்டை எங்கிருந்து வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காசு கொடுக்க ரெடி... கடை எங்கே?

இங்கே பையன் தரப்பையும் கேட்க வேண்டும். "காசு கொடுத்து வாங்கலாம்னா எங்க விக்கிறாங்க?" என்றான் அவன். நியாயமான கேள்வி.

சோனி 2021 ஜூலையில் பி.எஸ்.பி-யில் இருந்து நேரடியாக கேம் வாங்கும் வசதியை நிறுத்தியது. நின்டெண்டோ 2023 மார்ச் 27-ல் 3டி.எஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடைகளையும் மூடியது. டிஜிட்டலில் மட்டுமே வெளியான எத்தனையோ கேம்கள் அந்த ஷட்டரோடு போய்விட்டன. அதே 2023 ஜூலையில், அமெரிக்காவின் 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' ஓர் ஆய்வை வெளியிட்டது. அங்கே வெளியான பழைய கேம்களில் 87 சதவிகிதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. பத்தில் ஒன்றோ ஒன்றரையோதான் மிச்சம்!

செகண்ட் ஹேண்ட் கார்ட்ரிட்ஜ் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். ஆனால், அந்தக் காசில் ஒரு ரூபாய்கூட கேமை உருவாக்கியவர்களுக்குப் போகாது. போலி கார்ட்ரிட்ஜ் வேறு சந்தையில் குவிந்து கிடக்கிறது.

நின்டெண்டோவே பழைய கேம்பாய் கேம்களை 2023 பிப்ரவரி முதல் தன் ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் கொடுக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்கிறீர்கள்? எமுலேட்டரில்தான்! ஆனால், அது வாடகை வீடு. சந்தா நின்றால் கேமும் போச்சு. எந்த கேம் இருக்கும், எது இருக்காது என்று முடிவு செய்வதும் கம்பெனிதான்.

சரி, நூலகங்கள் காப்பாற்றலாமே? விற்பனையில் இல்லாத கேம்களை ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே பார்க்க நூலகங்கள் அனுமதிக்கலாமா என்று அமெரிக்காவில் கேட்டுப் பார்த்தார்கள். 2024 அக்டோபரில் அங்கே உள்ள காப்புரிமை அலுவலகம் முடியாது என்று சொல்லிவிட்டது.

'அது அமெரிக்கா கதை, நமக்கென்ன' என்கிறீர்களா? நமக்கும் கதை இருக்கிறது. 2009-ல் பிளேஸ்டேஷன் 2-க்கும் பி.எஸ்.பி-க்கும் 'தேசி அட்டா: கேம்ஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரு கேம் வந்தது. ஹைதராபாத்தின் கேம்சாஸ்திரா நிறுவனம் உருவாக்கியது. கபடி, கில்லி, பட்டம் என்று நாம் தெருவில் ஆடியதை எல்லாம் கையடக்கத் திரைக்குக் கொண்டுவந்த கேம். நம் ஊர் விளையாட்டை, நம் ஊர் ஆட்கள், உலகத்தரமான ஒரு கன்சோலுக்காகச் செய்தது. பி.எஸ்.பி தயாரிப்பே 2014-ல் முடிந்துவிட்டது. அது ஓடும் சின்ன டிஸ்க்கும் டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாரும் காலத்துக்கும் தாங்குபவை அல்ல. இந்த கேமை பத்து வருடம் கழித்து ஒரு மாணவி பார்க்க ஆசைப்பட்டால், அவளுக்கு இருக்கும் ஒரே வழி எமுலேட்டர்தான்.

நாம் புத்தகத்தை இப்படி விட்டதில்லை. 1954-ல் வந்த ஒரு சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தச் சட்டத்தின் பட்டியலில் புத்தகம் இருக்கிறது, செய்தித்தாள் இருக்கிறது. கேம் இல்லை.

சினிமாவில் ஒருமுறை சூடு பட்டோம். தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான 'கீசக வதம்' எடுத்த நடராஜ முதலியார் வேலூர்க்காரர். ஆரணியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் ஊர். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று நம்மிடம் இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' கதியும் அதேதான். ஓடி முடித்த படத்தை எதற்குப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964-ல்தான் வந்தது. கேம் விஷயத்தில் நாம் இன்னும் அந்த 1964-க்கே வந்து சேரவில்லை.

நகலின் வலி ஆரணிக்குத் தெரியும்

இதையெல்லாம் சொன்னதும் மாமா ஒப்புக்கொண்டாரா? இல்லை.

"பழசைக் காப்பாத்தணும்ங்கிறது சரிதாம்மா. ஆனா, காப்பாத்துறேன்னு சொல்லிக்கிட்டே காப்பி அடிக்கிறவனை நாங்க நிறைய பார்த்திருக்கோம்" என்றார்.

அவர் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. கைத்தறியில் நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்த டிசைன், விசைத்தறியில் மளமளவென்று ஓடி, பாதி விலைக்குச் சந்தைக்கு வந்தால் நெசவாளர் வீட்டு அடுப்பு என்னாகும்? அதற்காகத்தான் 1985-ல் கைத்தறிக்கான ரகங்களை ஒதுக்கும் சட்டமே வந்தது. சேலை உள்பட 11 வகைகள் இப்போது அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியதும், ஊர்ப் பெயரைப் போட்டு யாரோ விற்றுவிடக் கூடாது என்றுதான். இப்படி ஓர் ஊரில் நின்றுகொண்டு, 'நகல் எடுப்பது தப்பே இல்லை' என்று என்னால் பேச முடியவில்லை.

ஆனால், அதே வீட்டின் பரணில் இன்னொன்றும் இருந்தது. கயிறு கட்டி அடுக்கிய பழைய அட்டைக்கட்டுகள். மாமாவின் அப்பா காலத்து டிசைன்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. சில கட்டுகளில் எலி கடித்திருக்கிறது, சிலவற்றில் கயிறு இற்றுப்போயிருக்கிறது. அட்டையே இல்லாமல், கம்ப்யூட்டர் ஃபைலை வைத்து ஓடும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு கைத்தறிக்கும் வந்துவிட்டது. இந்தப் பழைய டிசைன் அதில் ஓட வேண்டுமென்றால், யாராவது ஓர் ஆள் உட்கார்ந்து ஒவ்வோர் ஓட்டையாகப் பார்த்து நகலெடுத்தால்தான் உண்டு. எடுக்காவிட்டால் அந்த மயில் போனது போனதுதான்.

இரண்டுமே நகல்தான். ஒன்று, இன்றைக்கு உழைப்பவரின் கூலியைப் பறிக்கிறது. இன்னொன்று, உழைத்துவிட்டுப் போனவரின் வேலையை மிச்சம் வைக்கிறது. சட்டம் இந்த இரண்டையும் இன்னும் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. கடையில் இல்லாத கேம் என்பதற்காக அதன் காப்புரிமை காலாவதி ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். 'யாரும் விக்கல, அதனால ஃப்ரீ' என்று இணையத்தில் படிப்பதை நம்பி ஏமாறாதீர்கள்.

என் கட்சி இதுதான். கேம் கம்பெனிகள் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். பழைய கேம்களை நியாயமான விலையில் விற்பனையில் வைத்திருக்க வேண்டும். அல்லது, நூலகமும் ஆவணக் காப்பகமும் அவற்றைப் பாதுகாத்து, பார்க்க வருபவர்களுக்குக் காட்ட வழிவிட வேண்டும். நானும் விற்க மாட்டேன், நீயும் பாதுகாக்கக் கூடாது என்பது அழுகுணி ஆட்டம். ஐரோப்பாவில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற கோரிக்கைக்கு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் குவிந்தது. விற்ற ஆன்லைன் கேமைக் கம்பெனி திடீரென்று செயலிழக்க வைக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கேட்பது. மக்கள் கேட்டால் இது அரசியல் பேச்சாகவும் ஆகும் என்பதற்கு அது சாட்சி.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

* பீரோவைத் தேடுங்கள். பழைய கார்ட்ரிட்ஜ் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கம்ப்யூட்டரோடு இணைக்கும் கார்ட்ரிட்ஜ் ரீடர் மூலம் உங்கள் கேமை நீங்களே நகலெடுக்கலாம். முக்கியமாக, சேவ் ஃபைலையும் எடுங்கள். போகிமான் ரெட், கோல்டு காலத்து கார்ட்ரிட்ஜ்களில் உங்கள் சேவ் ஒரு குட்டி பட்டன் பேட்டரியை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால், ஐந்தாம் கிளாஸ் லீவில் நீங்கள் பிடித்த அத்தனை போகிமானும் காலி!

* எமுலேட்டரை ஆப் ஸ்டோர், பிளே ஸ்டோர் அல்லது உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2024 ஏப்ரலில் டெல்டாவுக்கு முன்பே ஆப் ஸ்டோரில் முளைத்த ஓர் எமுலேட்டர், டெல்டாவை உருவாக்கியவரின் பழைய ஆப்பையே காப்பியடித்தது. ஆப்பிள் அதைத் தூக்கிவிட்டது. காப்பிக்கும் காப்பி நடக்கும் ஏரியா இது.

* கேம்பாய் அட்வான்ஸ் கேம் அதிகபட்சம் 32 எம்.பி-தான் இருக்கும். 'கேம்' என்று சொல்லி ஒரு ஏ.பி.கே ஃபைலோ, இ.எக்ஸ்.இ ஃபைலோ இறங்கினால், அது கேம் இல்லை. திறக்காமல் டெலிட் செய்யுங்கள்.

* 'ஆயிரக்கணக்கான கேம்கள் உள்ளே' என்று மெமரி கார்டோடு விற்கும் சின்னச் சின்ன ஹேண்ட்ஹெல்டுகளைப் பார்த்திருப்பீர்கள். மெஷின் ஓகே. அந்த மெமரி கார்டுதான் வில்லங்கம். உங்கள் பணம் கேம் செய்தவருக்குப் போகாமல், காப்பியடித்து நிரப்பியவருக்குப் போகிறது. 2025-ல் இத்தாலியில் இப்படிப்பட்ட மெஷின்களை ரிவ்யூ செய்த ஒரு யூடியூபர் வீட்டுக்கே அதிகாரிகள் வந்து, முப்பதுக்கும் மேற்பட்ட மெஷின்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.

* உங்களுக்குப் பிடித்த பழைய கேம் அதிகாரபூர்வமாகத் திரும்ப வந்தால், காசு கொடுத்து வாங்குங்கள். பழசுக்கும் விலை உண்டு என்று கம்பெனிக்குத் தெரிய வேறு வழியில்லை.

* எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லாமல் ஆடவும் வழி இருக்கிறது. இன்றைக்கும் கேம்பாய்க்காகப் புதிதாக கேம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பலர் இலவசமாகவே தருகிறார்கள். அதைவிட, நீங்களே ஒன்று செய்யலாம். 2019-ல் வந்த 'ஜி.பி. ஸ்டுடியோ' என்ற இலவச சாஃப்ட்வேரில், கோடிங் தெரியாமலே கேம்பாய் கேம் உருவாக்க முடியும். அதே ஃபைல் எமுலேட்டரிலும் ஓடும், அசல் கேம்பாயிலும் ஓடும்.

கடைசியாகச் சொன்னதைத்தான் அத்தை பையன் பிடித்துக்கொண்டான். ஊருக்குக் கிளம்பும் அன்று காலை, பரணிலிருந்து தாத்தா காலத்துக் கட்டக் காகிதம் ஒன்றை மாமாவே தேடி எடுத்துக் கொடுத்தார். மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்த காகிதம். அதில் ஒரு மயில். கேம்பாயில் படம் என்பது எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களை அடுக்குவதுதான். நிறம் நான்கே நான்கு. மயிலின் தோகையை எத்தனை கட்டத்தில் அடக்குவது என்று அப்பாவும் பிள்ளையும் பென்சிலோடு உட்கார்ந்தார்கள்.

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. மயில் வந்துவிட்டது, இடமிருந்து வலமாக நடக்கிறது. கேம் தலைப்பைத் தமிழில் எழுதப் பார்த்திருக்கிறான். எட்டுப் புள்ளி அகலத்துக்குள் 'ணை' அடங்க மாட்டேன் என்கிறதாம். இரண்டு கட்டம் சேர்த்து வரைகிறானாம்.

"போகிமானை என்னடா பண்ணின?" என்று கேட்டேன்.

"டெலிட் பண்ணலக்கா. ஃப்ரெண்டோட அண்ணன்கிட்ட ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் இருக்காம். கேட்டிருக்கேன்" என்றான்.

மாமாவுக்கு இது போதுமா தெரியவில்லை. உங்கள் மொபைலில் இருக்கும் கேம்களுக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?